பிரித்துப் பார்த்து அறிந்த பெருமகன் ஜி.டி. நாயுடு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

முன்னுரை

தமிழகம் ஈன்ற அறிஞர் பெருமக்கள் பலர். ஏடுகளைப் படித்து அறிஞர் ஆனவர்கள் அவர்களில் பெரும்பாலோர். ஏட்டைக் கீழே வைத்துவிட்டு இயந்திரத்தைக் கையில் எடுத்துப் படித்து அறிஞர் ஆனவர் யார் என்று கேட்டால், கோவை ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவருடைய வாழ்வை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஓர் இயந்திரத்தைப் பார்த்துத் தவறாகத் தீர்ப்புச் சொன்னவன் என்ற ஒரே தகுதிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம். என் சித்தப்பா, பயிருக்கு மருந்தடிக்கும் பெட்ரோல் விசைத்தெளிப்பான் ஒன்றைப் பழையதாக வாங்க நினைத்தார். செங்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லுக்கும் கரும்புக்கும் கூலிக்கு மருந்தடித்தால் குடும்பம் ஓடும் என்பது அவர் கணக்கு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான் ஒருவன்தான். அதிலும் இயற்பியல் படிக்கிறவன். ஆகவே பார்த்துச் சொல்வதற்கு என்னை உடன் அழைத்துப் போனார். இஞ்சினில் புதுச் சிவப்பு வர்ணம் பளபளத்தது. விற்பவர் கயிற்றை ஒரு முறை இழுத்தார், உடனே ஓடியது. நான் தொட்டுப் பார்த்தபோது சிலிண்டர் முன்பே சூடாக இருந்தது. ஏன் சூடாக இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நம்பி, வட்டிக்கு வாங்கிய ஏழாயிரம் ரூபாயைச் சித்தப்பா எண்ணிக் கொடுத்தார்.

பதினொன்றாம் நாள், ஒரு கரும்புக் கொல்லையின் நடுவில் இஞ்சின் நின்றது. கயிறு அசையவே இல்லை. சித்தப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறு வாரம் கட்டட வேலைக்காகப் பெங்களூர்ப் பேருந்தில் ஏறிவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நின்றுபோன இஞ்சினைச் செங்கத்தில் உள்ள ஒரு பட்டறைக்குத் தூக்கிச் சென்றேன். அந்த மெக்கானிக் அண்ணன் முன்பு கடலூர் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் இஞ்சின்களைப் பழுது பார்த்தவர். அவருடைய பட்டறைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதரின் படம் மாட்டியிருந்தது. அவர்தான் ஜி.டி. நாயுடு. அன்று மாலையே கல்லூரி நூலகத்தில் அவரைத் தேடத் தொடங்கினேன்.

கலங்கல் தந்த சிறுவன்

கோவை மாவட்டத்தில் சூலூருக்கு அருகில் உள்ள சிற்றூர் கலங்கல். அவ்வூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு ஓர் உழவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவிட்டார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. எவ்வாறாயினும் அவருடைய பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. அதற்குப் பின் அவர் படித்ததெல்லாம் தாமே தேடிப் படித்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நாயுடு படிக்காமலே பெரிய மனிதர் ஆனார் என்று பலரும் மேடையில் பேசுகிறார்கள். அது அவருடைய வாழ்க்கையைச் சரியாகப் புரிந்துகொண்ட பேச்சன்று. அவர் வகுப்பறையை விட்டாரே ஒழியப் படிப்பை விடவில்லை. படிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவே. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பள்ளிக்குப் போகாதவர்கள் அதை விரும்பி விட்டவர்கள் அல்லர். ஆகவே படிக்காமை ஒரு பெருமை என்று என்னால் எழுத முடியாது.

மோட்டார் சைக்கிள் கற்பித்த பாடம்

துரைசாமி இளைஞராக இருந்த காலத்தில் அவ்வூர்ப் பக்கம் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். லங்காஷயர் என்பது அவர் பெயர். மாடும் இன்றிக் குதிரையும் இன்றித் தானே ஓடும் வண்டியை இளைஞர் அன்றுதான் கண்டார். கண்டவர் பலர் வியந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இவரோ அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் ஆவது என்று உறுதி பூண்டார்.

உறுதி பூண்டால் பணம் வந்துவிடுமா? கோவை நகருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்தார். பிறகு அதே அதிகாரியைத் தேடிச் சென்று 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். அது ரட்ஜ் என்னும் ஆங்கில நாட்டு வண்டி.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியிருந்தால் அவரைப் பற்றி நாம் இன்று பேசியிருக்க மாட்டோம். வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். அந்த வண்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருவீச்சு இஞ்சின், அதாவது டூ ஸ்ட்ரோக் இஞ்சின், எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்து மதிப்பெண் வினாவாக நான் எழுதியிருக்கிறேன். சுழல்தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிதல் நிகழ்கிறது; வால்வுகள் இல்லை; சிலிண்டர்ச் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது; தனி எண்ணெய்த் தொட்டி இல்லாத சிறு இஞ்சின்களில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் உராய்வைக் காக்கிறது. எல்லாம் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் ஒரு பிஸ்டனை அதுவரை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

ஒரு பேருந்திலிருந்து ஒரு பெரும் நிறுவனம்

முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் ஈட்டினார். அதைக் கொண்டு பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் ஈடுபட்டு இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்கு மீண்டும் துணை நின்றது மோட்டார்தான். கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அந்த ஒரு பேருந்து பலவாகப் பெருகியது. யுனைடெட் என்றும் யுனிவர்சல் என்றும் இன்று பலர் பெயரைக் குழப்பிக்கொள்கிறார்கள். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். முப்பதுகளில் அந்நிறுவனத்தின் பேருந்துகள் இருநூற்றுக்கும் மேற்பட்டு ஓடின. குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுக் குறித்த நேரத்துக்குச் சேர்வது யு.எம்.எஸ். என்று கொங்கு நாட்டு மக்கள் பேசிக்கொண்டார்கள்.

நேரம் தவறாத பேருந்து என்றால் என்ன பொருள்? ஓட்டுநர் நல்லவர் என்பது மட்டுமன்று. இஞ்சின் நடுவழியில் நிற்கவில்லை என்பதும்தான். ஒரு நாள் நிற்காமல் ஓடுவது பெரிதன்று. மழையிலும் வெயிலிலும், ஏற்றத்திலும் பாரத்திலும், ஆண்டுக்கணக்காக நாள்தோறும் ஓடுவதுதான் பெரிது. நாள்தோறும் ஒரே வழியில் தாமே வண்டி ஓட்டிய மனிதருக்கு இஞ்சினின் சத்தத்தில் ஒரு சிறு மாறுதல் வந்தாலும் தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஒரு நாள் ஓட்டத்தைக் கண்டு அவர் இஞ்சினை எடை போட்டிருக்க மாட்டார். நானோ ஒரு நிமிட ஓட்டத்தைக் கண்டு எடை போட்டேன்.

நார்வே நாட்டில் ஒரு துணை

நாயுடுவின் வாழ்வைப் படிக்கும்போது, அவர் காலத்திலேயே உலகின் மறுகோடியில் வாழ்ந்த இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஓலே எவின்ரூட் என்பது அவர் பெயர். 1877-இல் நார்வேயில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்தில் உழவர் குடும்பத்தில் வளர்ந்தவர். அவருக்கும் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இயந்திரப் பட்டறைகளே கல்லூரி. ஏரியில் துடுப்பு வலித்துச் சென்று காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டதாம்; அதனால்தான் படகுக்கு மோட்டார் செய்ய எண்ணினார் என்று கதை சொல்கிறார்கள். படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய மோட்டாரை 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்தார். அவருடைய மனைவி பெஸ் கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். 1934-இல் எவின்ரூட் மறைந்தார். அவர் பெயரிலான மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றது.

படகில் மாட்டும் அந்த இருவீச்சு மோட்டாரும் என் சித்தப்பாவின் தெளிப்பானும் ஒரே குலம். இரண்டையும் கண்ட மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். வயலில் இஞ்சின் நின்றால் நடந்து வீடு வரலாம். கடலில் நின்றால் எங்கே நடப்பது? ஆகவே ஒரு பழைய மோட்டார் இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதை மீனவர்கள் நம்மைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

முதலாவது, மோட்டாரின் வயதை ஆண்டில் கணக்கிடக் கூடாது. ஓடிய மணியில் கணக்கிட வேண்டும். மூன்றே ஆண்டு ஆன மோட்டார் முப்பது ஆண்டு உழைப்பை முடித்திருக்கலாம். இரண்டாவது, ஆறிய இஞ்சினைத்தான் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். முன்பே சூடாக்கி வைத்தது எளிதில் ஓடும். அதன்பின் பாரம் கொடுத்து நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, நிறுத்தி, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கயிற்றை மெல்ல இழுக்கும்போது கை உணரும் எதிர்ப்பு. அது தளர்ந்திருந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது; அழுத்தமானியை மாட்டினால் எண்ணாகவே தெரிந்துவிடும். இரண்டு சிலிண்டர் உள்ள மோட்டாரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். நான்காவது, பொறிச்செருகியின் நிறம். இளம் பழுப்பு நல்லது. வெளுத்திருந்தால் இஞ்சின் மிகையாகச் சூடேறுகிறது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் மிகுதி அல்லது எரிதல் சரியில்லை. ஐந்தாவது, படகு மோட்டாரில் குளிர்விக்கும் நீர் ஒரு சிறு துளை வழியே வெளியே பீய்ச்ச வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்தால் அந்நீர் நிற்கும். நீர் நின்றால் இஞ்சின் கெடும். உப்பு நீரில் ஓடியதை நன்னீரில் ஓட்டிக் கழுவாவிட்டால் உள்வழிகளில் உப்புப் படியும். ஆறாவது, திருகாணிகளின் தலை. புதுவர்ணத்துக்கு அடியில் ஆணித் தலைகள் சிதைந்திருந்தால், அதை முன்பே யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எங்கள் தெளிப்பானின் ஆணித் தலைகள் சிதைந்திருந்தன. அண்ணன் காட்டிய பிறகே கண்டேன். பிஸ்டனின் ஒரு பக்கம் நெடுகக் கீறியிருந்தது; ரிங் கரியில் ஒட்டிக் கிடந்தது. பெட்ரோலில் எண்ணெயைக் குறைத்து ஊற்றி நெடுநாள் ஓட்டியதன் விளைவு அது. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் புகைத்துளை கரியால் அடைபடும். தயாரிப்பாளர் குறித்த அளவு ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. இந்தச் சிறு கணக்கில்தான் ஓர் ஏழையின் முதல் நிற்கிறது.

உள்நாட்டிலேயே செய்ய வேண்டும்

மீண்டும் நாயுடுவிடம் வருவோம். பிற நாட்டு இயந்திரத்தைப் பழுது பார்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. உதிரிப் பாகத்துக்குக் கப்பலை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நாட்டில் எந்த இயந்திரமும் நம்பகமானது ஆகாது அல்லவா? 1937-இல் கோவை பீளமேட்டில் டி. பாலசுந்தரம் அவர்களின் துணையோடு மின்மோட்டார் தயாரிக்கப்பட்டது. இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பின்னாளில் கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற நகரமாக வளர்ந்ததற்கு அது ஒரு வித்து. எங்கள் ஊர்க் கிணறுகளில் நீர் இறைக்கும் பம்புகள் பலவற்றில் கோயம்புத்தூர் என்று பொறித்திருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

அவர் பலமுறை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். கண்டவற்றைக் கற்றுத் திரும்பினார். உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரசந்த் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, திருத்த முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் ஆக்கிய பொருள்கள் பல. ஏழையும் வாங்கும்படி மலிவான வானொலிப் பெட்டியைச் செய்தார். 1952-இல் இருவர் அமரக்கூடிய சிறு காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அது தொடரவில்லை. பருத்தி, பப்பாளி முதலிய பயிர்களிலும் ஆராய்ச்சி செய்தார். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் அவர்களே நாயுடுவின் ஆற்றலை வியந்து பாராட்டினார் என்றால், இயற்பியல் மாணவர்களாகிய நாம் அதன் பெருமையை உணரலாம்.

கல்லூரியும் கருத்து வேறுபாடும்

பள்ளியைப் பாதியில் விட்ட அவரே ஒரு கல்லூரியின் முதல்வராகவும் அமர்ந்தார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. 1945-இல் அவர் முதல்வர். அக்கல்லூரியே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் கற்பித்துவிடலாம் என்பது அவர் கருத்து. ஆங்கில அரசு இசையவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

இந்த இடத்தில் அவர் கருத்தை அப்படியே ஏற்க என் மனம் தயங்குகிறது. எல்லோரும் நாயுடுவாகப் பிறப்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மெதுவாகச் சொல்லித்தர ஆண்டுகள் வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் கைவேலைக்கும் இடம் வேண்டும் என்று அவர் எண்ணியதை யார் மறுக்க முடியும்?

தம் உழைப்பின் பயனை வரிகள் விழுங்குவதாக எண்ணி வெகுண்ட அவர், தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்ததும் உண்டு. பிரித்துப் பூட்டுவதே வாழ்வாகக் கொண்டவர், பூட்ட முடியாதபடி உடைத்த நாள் அது. அதைப் படிக்கையில் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமே மேலிட்டது.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஜி.டி. நாயுடு மறைந்தார். அவர் பிரித்துப் பூட்டிய மோட்டார் சைக்கிளும் ஆக்கிய கருவிகளும் கோவையில் காட்சிக்கு உள்ளன. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பொள்ளாச்சிச் சாலையில் ஒற்றைப் பேருந்தை ஓட்டியவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் அது.

முடிவுரை

ஐப்பசி முதல் மார்கழி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்தப் பட்டறையில் இருந்தேன். கூலி வாங்கவில்லை, அதற்கு ஈடாக அண்ணன் எங்கள் இஞ்சினைத் திறந்து பழுது பார்க்க என்னை விட்டார். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டோம். மூன்று முறை தவறாகப் பூட்டினேன். நான்காம் முறை ஓடியது.

பொங்கலுக்குச் சித்தப்பா வந்தார். ஆறிய இஞ்சினை அவர் கையாலேயே இழுக்கச் சொன்னேன். ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல இஞ்சின்தானா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. இம்முறை நான் தலையாட்டவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி ஓடியது, எவ்வளவு எண்ணெய் கலந்தார், பொறிச்செருகி என்ன நிறம் என்று அதில் எழுதிவரச் சொன்னேன். சித்தப்பாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல என் தங்கை எழுதுகிறாள். இக்கட்டுரையை எழுதும் நாள் வரை 62 மணி நேரம் ஓடியிருக்கிறது. வட்டிக் கடனில் பாதி அடைந்திருக்கிறது. சித்தப்பா பெங்களூருக்குத் திரும்பிப் போகவில்லை.

அந்த இஞ்சின் நம்பத்தக்கதா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், 300 மணி ஓடட்டும், பிறகு சொல்கிறேன் என்பேன். நண்பர்களே! நாம் வாங்கப்போகும் பட்டம் நம் வீட்டாருக்கு ஒரு வாக்குறுதி. அவர்கள் நம் தலையசைப்பை நம்புகிறார்கள். ஆகவே பிரித்துப் பார்க்காத எதற்கும் தலையை ஆட்டாமல் இருப்போம். அதுவே ஜி.டி. நாயுடு அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.